வணக்கம், கோகிலவாணி

ஜாமீனில் வெளியே வந்த மறுநாளே கோகிலவாணி தேங்காய் மண்டிக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அழுதிருந்தால் ஊருக்குக் கொஞ்சம் இரக்கமாவது வந்திருக்கும். அந்தச் சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது. பறித்துப் போட்ட காய் களத்தில் முளைவிட ஆரம்பித்திருந்தது, அதை விற்றாக வேண்டும், அவ்வளவுதான்.

மண்டி வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். "கொலகாரி காயி வந்திருக்குதுங்கோ, எடுக்கறீங்களா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் உள்ளே பார்த்துக் கேட்டது.

"எடுக்கலைன்னா அடுத்த மண்டிக்குப் போறேன்," என்றாள் வாணி. "ஆனா கொலகாரின்னு சொன்னவன் மூஞ்சியக் காட்டிட்டுச் சொல்லோணும்."

மூஞ்சியை யாரும் காட்டவில்லை. மண்டிக்காரர் காயை எடுத்துக்கொண்டார். எடை போட்டு முடிக்கும்வரை அவர் அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஊரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவள்தான் கொன்றாள் என்று ஊருக்குச் சொன்னது ஒரு பூட்டு. பூட்டு பொய் சொல்லாது என்று அரசாங்கமே சொல்லியிருந்தது.

கைப்பூட்டு வருவதற்கு முன்னால் இருந்த நிலைமை எல்லோருக்கும் நினைவிருக்கும். லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கிகள் திருடு போய்க் கொள்ளையிலும் கொலையிலும் தலைகாட்டின. ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர், "எனக்குத் தெரியாதுங்க, எவனோ எடுத்துட்டான்," என்று கையை விரித்தார். கடைசியில் துப்பாக்கி வைத்திருப்பவன் என்றாலே பாதிக் குற்றவாளி என்று ஜனங்கள் முடிவுகட்டினார்கள். அவன் வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். அப்போதுதான் சட்டம் போட்டு இந்தப் பூட்டைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியின் பிடியில் கறுப்பாக ஒரு தகடு. உள்ளங்கை ரேகை, நாடித்துடிப்பு, பிடிக்கிற அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துச் சொந்தக்காரரின் கைக்கு மட்டும் திறக்கும். திறக்கும்போது இனிமையான பெண்குரலில் பேரைச் சொல்லி வணக்கம் வைக்கும். வேறு கை பட்டால் தெருவே கூடுகிற மாதிரி அலறும்.

ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். துப்பாக்கிச் சொந்தக்காரர்கள் இன்னும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த நிம்மதிக்குப் பதிலாகச் சட்டம் ஒரே ஒரு வரியை அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டது: துப்பாக்கி வெடித்தால், வெடித்தது சொந்தக்காரரின் கை, வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த வரி வந்து வாணியின் தலையில் விழுந்தது.

ஆனைமலை அடிவாரத்தில், காட்டை ஒட்டி அவளுடைய தென்னந்தோப்பு. கல்லூரி நாளில் ரைபிள் கிளப்பில் பதக்கம் வாங்கியவள். தோப்பில் இறங்கும் காட்டுப்பன்றிக்காகத்தான் துப்பாக்கி வைத்திருந்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் சிவநேசனின் மக்காச்சோளக் காடு. இரண்டு பேருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார் ரூம். ஒரு நாள் விடியற்காலையில் வெடிச் சத்தம் கேட்டு ஓடியவர்கள் வரப்பில் சிவநேசன் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். வாய்க்காலில் வாணியின் துப்பாக்கி கிடந்தது. பூட்டை எடுத்துப் பார்த்தால், 'சொந்தக்காரர் கை, கோகிலவாணி' என்று பதிவு. அந்த நேரத்தில் அவள் தோப்பின் மறுகோடியில் தனியாகச் சொட்டுநீர்க் குழாய்க்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குச் சாட்சி தென்னை மரங்கள்தான்.

பகைக்கும் பஞ்சமில்லை. பன்றிக்காகச் சிவநேசன் வேலிக்கம்பியில் கரண்ட் விட்டிருந்தார். "ஆளு கீளு செத்துப் போயிருமுங்கண்ணா, எடுத்துருங்க," என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் வாணியே மின்வாரியத்தில் புகார் கொடுத்து அதைப் பிடுங்க வைத்தாள். "என்ற வெள்ளாமை போச்சுன்னா அதுக்கு வாணிதான் பொறுப்பு," என்று பால் சொசைட்டியில் நின்று அவர் கத்தியதை ஊரே கேட்டது. குண்டு மிக அருகிலிருந்து, கீழிருந்து மேலாகப் பாய்ந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை யாரும் இரண்டாவது தடவை படிக்கவில்லை. பூட்டே சொல்லிவிட்ட பிறகு டாக்டர் எதற்கு?

பொள்ளாச்சியில் வக்கீல் பிலோமினாவின் அறைக்கு, பூட்டுக் கம்பெனியிலிருந்து சுதர்சன் என்று ஒருவர் வந்திருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பேச்சிலும் இல்லை.

"மேடம், நாங்க உங்களுக்கு உதவத்தான் வந்திருக்கோம். பன்னியைச் சுடப் போனீங்க. சரியா விடியலை, ஆள் வந்தது தெரியலை. கொல்லணும்ங்கிற எண்ணம் அந்தக் கையில இல்லைன்னு பூட்டோட பதிவை வெச்சு நாங்களே சாட்சி சொல்றோம். கொலை வழக்கு விபத்தா மாறிடும். சீக்கிரமே வீட்டுக்கு வந்துடலாம்."

"நான் ஒத்துக்கிட்டா உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபம்னு இல்ல மேடம். பூட்டு சரியாத்தான் சொல்லுச்சுன்னு ஆயிடும். ஜனங்களுக்கு நம்பிக்கை முக்கியம் இல்லையா?"

"நான் சுடலீங்க."

பிலோமினா பேனாவை மூடி வைத்தாள். பல வருடப் பழக்கம், உரிமையோடு பேசுவாள். "வாணிக்கா, நல்லா யோசிங்க. இதைவிட நல்ல வழி இப்போதைக்கு எனக்குத் தெரியல."

"என்ற கை இல்லாததை என்ற கைன்னு சொல்றது நல்ல வழியா, பிலோ? செயில்ல கெடந்தாலும் கெடப்பேன், அதை மட்டும் சொல்ல மாட்டேன்." வாணி சுதர்சன் பக்கம் திரும்பினாள். தனது உள்ளங்கையை விரித்து மேசை மேல் வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. என்ற துப்பாக்கிக்குப் பூட்டுப் போட்டப்ப என்ற கை இப்படி இல்லை. மம்முட்டி பிடிச்சு மண்ணு வெட்டிக் காய்ச்சுப் போச்சு. அருவா வெட்டுல ரேகையே மாறிப் போச்சு. இருந்தும் எனக்கு வணக்கம் சொல்லுதே, எப்படி?"

சுதர்சனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் கம்பெனிப் பெருமையைச் சொல்ல யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்போலத் தெரிந்தது. "அதுதான் மேடம் எங்க தனிச்சிறப்பே. நீங்க பூட்டைத் திறந்து வெச்சுட்டு எண்ணெய் போடுவீங்க, துடைப்பீங்க இல்லையா, அப்போ மேல படுற கையை அது படிச்சுக்கும். கை எப்படி மாறினாலும் கூடவே கத்துக்கும்."

"மேல படறது என்ற கைதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க திறந்து வெச்சதுதானே? ஓனர் துப்பாக்கியை வேற யார் மேடம் உக்கார்ந்து துடைக்கப் போறாங்க?"

வாணி விரித்த கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்க கம்பெனில ஆயுத பூஜை கும்பிட மாட்டீங்களா?"

"ஏன் மேடம், பிரமாதமா கும்பிடுவோமே. கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வெச்சு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சிரிப்பு மட்டும் போகாமல் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு ஒரு வேலை இருப்பது அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

அவர் போன பிறகு வாணி சொன்னாள். கிணறு ஒன்று என்பதால் இரண்டு குடும்பத்துக்கும் ஆயுத பூஜையும் மோட்டார் ரூமில் ஒன்றாகத்தான் நடக்கும். மோட்டார், மருந்தடிக்கிற ட்ரோன், அரிவாள், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்பார்கள். துப்பாக்கியும் வாழையிலையில் படுத்திருக்கும். சந்தனம் பூசிப் பொட்டு வைப்பது சிவநேசன் வேலை. பூட்டுப் போட்ட முதல் வருடம் அவர் சந்தனக் கையோடு தொட்டதும் துப்பாக்கி அலறிய அலறலில் கற்பூரத் தட்டே கீழே விழுந்தது. அதிலிருந்து பூஜைக்கு முன்னாலேயே வாணி கையை வைத்துப் பூட்டைத் திறந்து, குண்டுகளை எடுத்துவிட்டு, அப்படியே திறந்தபடி விட்டுவிடுவாள். மறுநாள் விஜயதசமியில் காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, பளபளவென்று ஆக்கித் தருவதும் சிவநேசன்தான். அப்பாவோடு உட்கார்ந்து மகள் அவந்திகாவும் துடைப்பாள். வருடாவருடம் இப்படித்தான் நடந்தது.

"மாநிலம் பூரா இப்படித்தானே நடந்திருக்கும்," என்றாள் பிலோமினா. அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அதை விடு. அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்குது. துப்பாக்கி வெச்சிருக்கிற பீரோவ நான் பூட்டறதே இல்ல. பூட்டு வர்றதுக்கு முந்தி சாவியை இடுப்புல சொருகிட்டுத் தூங்கினவதான். பூட்டு வந்ததும், அதான் இருக்குதேன்னு விட்டுட்டேன். கரண்ட்டுக் கம்பியைப் பிடுங்கினப்புறம் சிவநேசண்ணன் வந்து, ரெண்டு நாளைக்குத் துப்பாக்கி குடு வாணின்னு கேட்டாரு. எடுத்துட்டுப் போனாலும் உங்களுக்கு அது தொறக்காதுங்கண்ணான்னு சிரிச்சேன்." ஒரு காலத்தில் சாவி இருந்த இடுப்பை அவள் கை தடவியது. "அன்னிக்குப் பன்னி எறங்கியிருக்கும். நான் தோப்புக்குள்ள இருந்தேன். கதவும் தொறந்து கெடந்துச்சு, பீரோவும் தொறந்து கெடந்துச்சு. எடுத்தாரு, அவருக்கு அது வணக்கம் சொல்லிருச்சு. வரப்புல வழுக்கி விழுந்திருக்காரு, பிலோ."

"நிரூபிக்க அவர் கை இல்லையேக்கா. எரிச்சாச்சே." பிலோமினா எழுந்து நடந்தாள், திடீரென்று நின்றாள். "பொண்ணு கை இருக்கு. அந்தத் துப்பாக்கியைப் பொண்ணு கையில குடுக்கச் சொல்லி மனுப் போடுறேன். திறந்துச்சுன்னா நீங்க தப்பிச்சீங்க."

"அந்தப் புள்ள?"

பிலோமினா மூடி வைத்த பேனாவை மறுபடி எடுத்தாள்.

"அன்னிக்கு அவளும் ஊட்டுலதான் இருந்தா. துப்பாக்கி அவளுக்குத் தொறந்தா அடுத்து அவளைத்தான் பிடிப்பாங்க. அப்பனைப் பறிகுடுத்த புள்ள. வேண்டாம். மனுவெல்லாம் போடாதே."

இத்தனைக்கும் அந்தப் பிள்ளைதான் வாணியைத் தூக்கில் போடச் சொல்லித் தினமும் ஒரு வீடியோ வெளியிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பேசியதை லட்சம் பேர் பார்த்து, துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரையும் திட்டித் தீர்த்தார்கள்.

வாணி அவள் வீட்டுக்கே போனாள். அவந்திகா கதவைத் திறந்தவள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"கோர்ட்ல சொல்றதுக்கு முன்னால உன்கிட்டச் சொல்லோணும், அதுக்குத்தான் வந்தேன் கண்ணு," என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள் வாணி. சந்தனம், திறந்த பூட்டு, திறந்த பீரோ, வரப்பு. அவந்திகாவின் கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்படின்னா எங்கப்பா திருடருன்னு சொல்றீங்களா? திருடிட்டுப் போய்த் தானே சுட்டுக்கிட்டாருன்னு சொல்றீங்களா?" அவந்திகா கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஆளைக் கொன்னுட்டு, அந்த ஆளு மேலயே பழியைப் போடறீங்களே, நீங்கெல்லாம் மனுச ஜென்மமா?"

"தப்பு என்னுது இல்லைன்னு நான் சொல்ல வரல, அம்மிணி. கை என்னுது இல்ல. அது ரெண்டும் வேற வேற."

கதவு அவள் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது. வாணி கோபப்படவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் வாணி இருந்திருந்தால் கதவோடு நிறுத்தியிருக்க மாட்டாள்.

மீதி இருந்தது ஒரே ஒரு வழி. துப்பாக்கி உரிமையாளர் சங்கம் கல்யாண மண்டபத்தில் கூடியபோது அவள் அழையாமலே போய் நின்றாள். சங்கத் தலைவர் பெரியண்ணன் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஒரு பொம்பளை பண்ணின காரியத்துக்கு நாங்க எல்லாரும் தலைகுனிஞ்சு நிக்கிறோம்," என்று டிவியில் முதலில் பேசிய புண்ணியவான் அவர்தான்.

"இங்க எதுக்கும்மா வந்தே? உன்னையச் சங்கத்துல இருந்து எடுத்தாச்சே."

"எடுத்துக்குங்க. ஒரே ஒரு உதவி. உங்க துப்பாக்கிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டாந்து, உங்க சம்சாரம், புள்ளைக கையில குடுத்துக் காட்டுங்க. எத்தனை தொறக்குதுன்னு ஜட்ஜு பாக்கட்டும்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. "தொறந்தா எங்க லைசென்சு என்னாகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"போகும்."

"நல்லாருக்குது ஞாயம்! ஒனக்காக நாங்க அத்தனை பேரும் துப்பாக்கியக் குடுத்துட்டுப் பன்னிக்குப் பாட்டுப் பாடிட்டு உக்காரோணுமா?"

"எனக்காக வேண்டாமுங்க. இன்னிக்கு ஊட்டுக்குப் போயி, பீரோவத் தொறந்து, துப்பாக்கியச் சம்சாரத்துக்கிட்டக் குடுத்துப் பாருங்க. அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க. கேட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க, பாக்கலாம்."

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே வாணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவர்கள் அந்த வணக்கத்தை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். கேட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு அதுவரை வராத ஆத்திரம் அப்போது வந்தது.

"என்னையக் கொலகாரின்னு ஊரு சொன்னப்பக்கூட எனக்கு இப்படி வலிக்கல," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

விசாரணை நாளில் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் சாட்சிகளோடு அவந்திகா. மேசைமேல், அடையாளச் சீட்டுக் கட்டிய துப்பாக்கி. சுதர்சன் பூட்டின் அருமை பெருமைகளைச் சொல்லி முடித்து உட்கார்ந்தார். வாணி கூண்டில் ஏறித் தன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நீதிபதி நடுவயதுப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நடந்திருக்கலாம்மா. ஆனா, பூட்டு வேற கைக்குத் திறக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் வேணுமே?"

"ஆதாரம் இருக்குதுங்க. நான் காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"காட்டினா வேற ஒருத்தர் மாட்டிக்குவாங்க. அவங்க மேல எந்தத் தப்பும் இல்லீங்க."

பிலோமினா தலையில் கையை வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ, "நல்லா நடிக்கிறா," என்றார்கள்.

அப்போது அவந்திகா எழுந்தாள். "அம்மா, அந்தத் துப்பாக்கிய என்கிட்டக் குடுங்க."

"உக்காரு கண்ணு!" வாணி கூண்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அதைத் தொடாதே. ஜட்ஜம்மா, குடுக்காதீங்க!"

"அவங்க வந்துட்டுப் போனதுல இருந்து நான் தூங்கலைங்க," என்றாள் அவந்திகா நீதிபதியைப் பார்த்து. "எல்லாத்தையும் சொன்னாங்க, என்னைப் பத்தி மட்டும் சொல்லல. அப்பாகூட நானும்தான் வருசாவருசம் தொடச்சேன். அது அவங்களுக்கு மறந்திருக்காது. குடுங்க, பாத்துடலாம்."

நீதிபதி சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று ஒரு போலீஸ்காரர் கையுறையோடு பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார். அவந்திகா கறுப்புத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், கோகிலவாணி," என்றது துப்பாக்கி.

அந்த இனிமையான குரல் கூட்டம் முழுக்கக் கேட்டது. அப்பா கடைசியாகக் கேட்டதும் இந்த வணக்கத்தைத்தான் என்று அவந்திகாவுக்கு அந்த நொடியில் தோன்றியிருக்க வேண்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். ஆனால் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

அரசு வக்கீல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதைப் பார்த்த அவந்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வாங்க, என்னையும் பிடிங்க. அப்புறம் ஆயுத பூஜை கும்பிடற ஊட்டுல இருக்கிற எல்லாத்தையும் பிடிங்க. பிடிச்சு முடிக்க எத்தனை வேன் வேணுமோ கொண்டாங்க."

சங்கத்துக்காரர்கள் வரிசையில் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். பாக்குத் தோப்பு வைத்திருக்கும் மனிதர், சங்கத்தில் வாயே திறக்காதவர். "என்ற துப்பாக்கி என்ற சம்சாரத்துக்குத் தொறக்குதுங்க," என்றார். "சமையக்கார அம்மாவுக்கும் தொறக்குது. லைசென்சு போனாப் போகுதுங்க. சொல்லாம இருந்தாச் சோறு எறங்கல." அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். பெரியண்ணன் மட்டும் செருப்பில் என்ன கோளாறோ, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுதர்சன் வாசல் பக்கமாக நகர்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் டாக்டரின் அறிக்கையை உட்கார்ந்து படித்தார்கள். கீழிருந்து மேலாகப் பாய்ந்த குண்டு, வரப்பில் வழுக்கின கால்தடம் இருந்த போட்டோ, வேட்டியில் அப்பியிருந்த சேறு, எல்லாம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தன. இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன.

தீர்ப்பு நாளில் வாணி நிரபராதி என்று நீதிபதி வாசித்தார். வெளியே பெரியண்ணன் மாலையோடு நின்றார். "பூட்டு மேலதான் தப்பு, நம்ம மேல ஒண்ணும் இல்லைன்னு நீ நிரூபிச்சுட்டேம்மா! சங்கத்துக்கே பெருமை!" என்று டிவிக்காரர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் கொலைகாரி என்றவர்கள் இந்த மாதம் பூட்டுக் கம்பெனியைக் கொலைகாரன் என்றார்கள். யாரையாவது சொல்லியாக வேண்டுமே.

உள்ளே வாணி கூண்டை விட்டு இறங்கவில்லை. "அம்மா, பீரோவத் தொறந்து போட்டதுக்கு என்ன தண்டனைன்னு சொல்லலீங்களே."

"கைப்பூட்டுப் போட்ட துப்பாக்கியைத் தனியாப் பூட்டி வைக்க வேண்டியதில்லைன்னு சட்டமே சொல்லுதும்மா. நீங்க சட்டப்படிதான் நடந்திருக்கீங்க."

"ஒரு மனுசன் செத்துப் போனாருங்களே. அவரு கேட்டப்ப நான் சிரிச்சேனுங்க. பூட்டு இருக்குதுன்னு தெனாவெட்டா இருந்தேன். அந்தத் தெனாவெட்டுக்கு எந்தச் செக்சனும் இல்லீங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அதுக்குச் சட்டத்துல இடமில்லை. துப்பாக்கியை வாங்கிக்கிட்டுப் போங்க."

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் குமாஸ்தா சொந்தக்காரரின் கையைச் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். வாணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் நின்ற அவந்திகா கையை நீட்டி அதை வாங்கினாள். "வணக்கம், கோகிலவாணி," என்றது. குமாஸ்தா திருதிருவென்று விழித்தார்.

இரண்டு பேரும் நேராக ஆனைமலைச் சாலையில் இருந்த வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். பட்டறைக்காரர் அதை எடுத்து இடுக்கியில் வைக்கப் போனபோது துப்பாக்கி அலறியது. அவர் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். "நீங்களே பாத்துக்குங்க தாயி, நான் இதுக்கு வரல."

அவந்திகா துப்பாக்கியின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். வாணி அறுக்கும் மெஷினை எடுத்தாள். பிடியில் அவந்திகாவின் கை படும்போது ஒரு வணக்கம், வாணியின் கை படும்போது ஒரு வணக்கம். இரண்டு பேருக்கும் ஒரே பேர், ஒரே குரல், ஒரே மரியாதை. வாணி முதலில் குழலை அறுத்தாள். பிறகு கறுப்புத் தகட்டின் நடுவில் சக்கரத்தை வைத்து அழுத்தினாள். குரல் இழுத்துக்கொண்டே போய், அவள் பேரைச் சொல்லி முடிக்காமல் நின்றது. அவந்திகா கீழே உட்கார்ந்து அழுதாள். வாணியும் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, சிவநேசன் செத்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

பட்டறைக்காரர் போன் போட்டிருப்பார் போல. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார், அன்று கோர்ட்டில் ஒரு எட்டு முன்னால் வைத்தவரேதான். துண்டுகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இப்பத்தானே விடுதலையாகி வந்தீங்க? வேண்டாம்னா ஸ்டேசன்ல ஒப்படைச்சிருக்கலாமே?"

"ஒப்படைச்சா ஏலத்துல வேற ஒருத்தருக்குப் போகும். அதுக்கு முந்தி ஆயுத பூஜை வந்துச்சுன்னா நீங்களும் பொட்டு வெச்சுத் தொடைப்பீங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார். "லைசென்ஸ் துப்பாக்கியை அனுமதி இல்லாம அழிக்கிறது குத்தம். தெரியுமா? இதுக்குத் தண்டனை உண்டு."

"உண்டுங்களா?" என்று கேட்டாள் வாணி. அழுது சிவந்த அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஆளு செத்ததுக்கு இல்லாத செக்சன் இரும்பை அறுத்ததுக்கு இருக்குதா? நல்லதுங்க. எழுதுங்க."

"யாரு அறுத்தது? ரெண்டு பேருமா?"

அவந்திகா எழப் பார்த்தாள். வாணி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். இரும்புத்தூள் படிந்த உள்ளங்கையை இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க, சார். இது என்ற கைதான்."